சுண்ணாம்புக்குளத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு

சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டை போகும் மின்சார ரயிலில், கும்மிடிப்பூண்டி வந்ததும் பெட்டி பெரும்பாலும் காலியாகிவிடும். சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மளமளவென்று இறங்கிப் போவார்கள். இருபத்திரண்டு வருஷம் நானும் அவர்களோடுதான் இறங்கினேன். தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை, முதல்முறையாக இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நிலையம் எளாவூர். அங்கிருந்து கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரை நோக்கிப் போனால் சுண்ணாம்புக்குளம்.

வழியில் கவரைப்பேட்டையைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். 2024 அக்டோபர் 11 இரவு மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைனில் நின்றிருந்த சரக்கு ரயில் மேல் மோதியது இங்கேதான். அத்தனை பெட்டிகள் தடம்புரண்டும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆலைப் பாதுகாப்பு வேலையில் இருந்தவனுக்கு ஊர்ப் பெயரைக் கேட்டாலே அங்கே நடந்த விபத்துதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மாற்றிக்கொள்ள முடியவில்லை.

நான் வேலை பார்த்தது பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில், பாதுகாப்புப் பிரிவில். அங்கே உலையில் நின்ற தம்பி ஒருவர் சுண்ணாம்புக்குளத்துக்காரர். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுவிட்டு, கையைப் பிடித்தபடியே கேட்டார். "சார், நம்ம பிளான்ட்ல எழுதி வெச்சீங்களே ரிஜிஸ்டர், அந்த மாதிரி எங்க ஊருக்கு ஒண்ணு எழுதித் தர முடியுமா?" அவருடைய சித்தப்பாவுக்குத் திருக்கை முள் குத்தி, சரியான வைத்தியம் இல்லாமல் புண் வைத்து, வலது கையில் மூன்று விரல் மடங்காமல் போயிருந்தது. வலை இழுக்கிறவருக்கு விரல் மடங்கவில்லை என்றால் தொழில் முடிந்தது. "உலையாண்ட எனக்கு ஹெல்மெட்டு, ஷூ, போர்டு எல்லாம் இருக்குது. எங்க சித்தப்பாவுக்கு என்ன இருந்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதனால் போனேன்.

எளாவூரில் அவரே மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். இந்தப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் தமிழும் கலந்துதான் புழங்கும். வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது "ஜாக்ரத்த". ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். வயலும் சவுக்கும் மாறி மாறி வந்து, பிறகு மண் வெளுத்து, காற்றில் உப்பு வாசம் ஏறியது.

ஊர்ப் பெயரில் இருக்கும் சுண்ணாம்பு இந்த ஏரிக்குப் புதிதில்லை. பழவேற்காடு ஏரியின் அடியில் பழங்காலத்துச் சிப்பி, கிளிஞ்சல் ஓடுகள் அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுத்துச் சூளையில் சுட்டு வீட்டுக்குப் பூசிய காலம் ஒன்று உண்டு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையையே வாங்கிவிடும். எங்கள் உலையிலும் இதே கதைதான், தண்ணீர் படக்கூடாத இடத்தில் பட்டால் ஆபத்து. பழைய இரும்புக் குவியலில் ஓர் ஈரமான குழாய் கலந்து உலைக்குள் விழுந்துவிட்டால் போதும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி, உருகிய இரும்பை வெளியே வாரி இறைக்கும். அதற்குக் கையுறையும் முகக் கண்ணாடியும் கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் ஸ்கிராப்பை நனையாமல் வைக்கக் கொட்டகை போட்ட பிறகுதான் அது நின்றது. ஆபத்தை இருக்குமிடத்திலேயே இல்லாமல் செய்வது முதல் வேலை. ஆளுக்குக் கவசம் மாட்டுவது வேறு வழியே இல்லாதபோது செய்வது. பாதுகாப்புப் படிப்பில் இதற்குப் படிப்படியாக ஒரு வரிசையே உண்டு. எனக்கு அது புரிந்தது கொட்டகை போட்ட அன்றைக்குத்தான்.

தம்பி கேட்ட ஆபத்துப் பதிவேடு, ஆலையில் சொல்லும் பெயரில் ரிஸ்க் ரிஜிஸ்டர், என்னவென்று பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கட்டம் போட்ட காகிதம்தான். என்ன ஆபத்து, யாருக்கு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு கேடு, இப்போது என்ன தடுப்பு இருக்கிறது, இன்னும் என்ன செய்ய வேண்டும், யார் செய்வது, எந்தத் தேதிக்குள். வாய்ப்புக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், கேட்டுக்கும் அப்படியே. இரண்டையும் பெருக்கி, பெரிய எண் வந்ததை முதலில் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் காகிதம் எப்படிச் செத்துப் போகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பதிவேட்டில் பதினான்காவது வரிசை: உலையைச் சாய்க்கும் ஹைட்ராலிக் பம்பு பக்கம் எண்ணெய்க் கசிவு, தரை வழுக்கல். பொறுப்பு என்ற கட்டத்தில் "மெயின்டெனன்ஸ்" என்று எழுதியிருந்தது. ஆள் பெயர் இல்லை. ஒவ்வொரு தணிக்கைக்கும் முன்னால் தேதியை மட்டும் மாற்றுவோம். மூன்று வருஷம் இப்படிப் போனது. நாலாவது வருஷம் இரவு ஷிப்டில் ஒருவர் அந்த இடத்திலேயே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் விசாரணைக்குப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. என் கையெழுத்துத்தான். அந்தப் பக்கத்தைத் திருப்பிய நிமிஷத்தை நான் மறக்கவில்லை.

அந்தத் தம்பியின் அம்மா கரையோரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு டீக்கடை வைத்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாடைக் காற்று சுரீரென்று அடித்தது. மழை முடிந்து ஏரி நிரம்பியிருந்தது. தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடாக, ஒரு பக்கம் மட்டும் இளஞ்சிவப்பாக நின்றிருந்தன. அதற்கும் இந்தக் கரைக்கும் நடுவில் தண்ணீரில் ஏழெட்டுத் தலைகள் மட்டும் தெரிந்தன. பார்த்தவுடன் எனக்குப் பகீரென்றது. "பயப்படாதீங்க சார், இறால் தடவறாங்க" என்றார் தம்பி.

இருளர் பெண்கள். கழுத்தளவு தண்ணீரில் உடம்பை அமிழ்த்தி, முட்டி போட்டு நகர்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம்.

அவர்களில் ஒருவர் கரையேறி வந்து, பறியைக் கவிழ்த்துவிட்டு, டீக்கடைப் பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன். கைகளைக் காட்டச் சொன்னேன். விரல் நுனிகளெல்லாம் வெளுத்துச் சுருங்கி, அதன் மேல் கோடு கோடாகக் கீறல்கள். "இது ஓடு கிழிச்சது. இது பாட்டில் கண்ணாடி. இது கெளுத்தி முள்ளு" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் ஒன்றுகூட விடவில்லை. கெளுத்தி முள் குத்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ரத்தம் நிக்கற வரைக்கும் அழுத்திப் புடிச்சிட்டு, திரும்பி இறங்கிடுவோம்" என்றார். கீழ் வரிசைப் பற்கள் பறியைக் கடித்துக் கடித்துத் தேய்ந்திருந்தன. இந்தப் பல் தேய்மானம் எந்தத் தொழில் நோய்ப் பட்டியலிலாவது இருக்கிறதா என்று யோசித்தேன். நான் பார்த்த எதிலும் இல்லை.

"தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணியே குடிக்க மாட்டோம்யா" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. முதலில் விளங்கவில்லை. டீக்கடை அம்மாதான் விளக்கினார். கரையில் கழிப்பறை கிடையாது. ஒதுங்கப் புதர்கூடக் கிடையாது, வெட்டவெளி. அதனால் விடிகாலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் வேலைக்கு இறங்குகிறார்கள். நீர்க்கடுப்பு இவர்களுக்கு மாசா மாசம் வரும் விருந்தாளி. வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே சொன்னது. ஏரி தொழிற்சாலைக் கணக்கில் வராது.

பத்து மணிவாக்கில் படகுகள் கரைக்கு வந்தன. வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு ஆட்கள் கடைக்கு வந்தார்கள். தம்பி முன்பே சொல்லி வைத்திருக்கிறார். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். கோடு போட்டுக் கட்டம் பிரித்தேன். "நான் எதையும் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்வதை எழுதப்போகிறேன்" என்றேன்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. தொழிலுக்குப் போகும் வீட்டில் ஆபத்தைப் பேர் சொல்லிப் பேசுவதில்லை, பேசினால் வந்துவிடும் என்ற எண்ணம். அதை நான் மதிக்கிறேன். ஆலையிலும் உலைக்குப் பூஜை போட்ட அன்று விபத்தைப் பற்றிப் பேசினால் மேஸ்திரிமார்களுக்குப் பிடிக்காது. சித்தப்பாதான் தொடங்கி வைத்தார். மடங்காத விரல்களைப் பெஞ்சின் மேல் வைத்து, "இதை எழுது தம்பி, திருக்கை" என்றார். அதன் பிறகு எழுதக் கை வலித்தது. இருட்டில் கரை தெரியாமல் கல்லில் படகு மோதுவது. களி நண்டு கொடுக்கில் விரல் சிக்குவது. மதிய வெயிலில் தலைசுற்றல். வலையில் வரும் கடல்பாம்பு. முகத்துவாரத்துப் பக்கம் போனால் தண்ணீர் வற்றும் நேரத்து இழுப்பு. சேற்றில் கால் புதைந்து மோட்டாரின் விசிறி பக்கம் சாய்வது. இடி.

இடியைச் சொன்னவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். கழி ஊன்றித் தோணி தள்ளிய காலத்து மனிதர். "இந்த ஏரில பத்து மைலுக்கு மரம் கிடையாது, கம்பம் கிடையாது. படகுல நிமிந்து நிக்கிறவன்தான் உசரம்" என்றார். மின்னல் உயரமானதைத் தேடும் என்று நாங்கள் வகுப்பில் அரை மணி நேரம் படம் போட்டுச் சொல்வதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஓர் இளைஞர் உடனே தன் கைபேசியில் தாமினி செயலியைக் காட்டினார். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் வருகிறதா என்று முன்கூட்டியே சொல்லும். அந்த ஊரில் அதை வைத்திருந்தது அவர் ஒருவர்தான். சாயங்காலத்துக்குள் இன்னும் ஆறு பேர் கைபேசியில் ஏறியது.

மதிப்பெண் போடும் கட்டம் வந்தபோதுதான் நான் பாடம் படித்தேன்.

கேடு என்ற கட்டத்தில் உயிர் போனால் ஐந்து, கை கால் ஊனமானால் நாலு, என்று நான் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு போனேன். பெரியவர் தடுத்தார். "படகும் வலையும் போனா எத்தினி?" ஆலைப் பதிவேட்டில் பொருள் சேதத்துக்குத் தனிக் கணக்கு, உயிரோடு கலக்க மாட்டோம் என்றேன். "அப்படிப் பிரிக்க முடியாது தம்பி. கடன் வாங்கின படகு. அது போயிட்டா அவன் உயிரோட இருந்து என்ன செய்வான், வீட்டுல எத்தினி பேரு பட்டினி கெடக்கணும்?" கூடி இருந்த யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த வரிசைக்கு ஐந்து போட்டேன். கேட்டை அளக்கும் கோல் அதை அனுபவிக்கிறவர் கையில் இருக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் நானே சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் கோலைக் கொடுத்ததில்லை.

அடுத்து பெருக்கல். ஏரியில் மூழ்கிச் சாவது அபூர்வம், பெரும்பாலான இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர். வாய்ப்பு ஒன்று, கேடு ஐந்து, பெருக்கினால் ஐந்து. பெண்களின் கைக்காயம் தினமும் நடப்பது. வாய்ப்பு ஐந்து, கேடு இரண்டு, பெருக்கினால் பத்து. கழிப்பறை இல்லாதது ஐந்தும் மூன்றும் பதினைந்து. ஆக, பட்டியலின் உச்சியில் வந்து நின்றது அந்த இருளர் பெண் தாழ்ந்த குரலில் சொன்னது. படகுக்காரர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பெருக்கல் சரியான வேலை செய்ததில் எனக்கு நிறைவு. ஆனால் அதே பெருக்கல் மூழ்குவதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. இது எல்லாப் பதிவேட்டிலும் உள்ள குறை. எண் சிறியது என்று மரணத்தை அடிவரிசையில் விட்டுவிடக் கூடாது. கேட்டில் ஐந்து வாங்கியது எதுவானாலும் வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் தனியே எடுத்துப் பேச வேண்டும்.

இதே ஏரி அதற்குச் சாட்சி. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டுக்கு உல்லாசப் பயணம் வந்த குடும்பத்தார் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். யாருக்கும் மிதவைச் சட்டை இல்லை. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. சுற்றுலாக்காரரைத் தடுக்கலாம், மீனவரைத் தடுக்க முடியுமா? சரி, மிதவைச் சட்டை போடலாமே என்றேன். வீச்சு வலை வீசுகிறவர் எழுந்து நின்று கையைச் சுழற்றிக் காட்டினார். வலையின் நூல் சட்டையின் வாரில் மாட்டிக்கொண்டால் வலையோடு அவரும் போவார். வெயிலில் அது கொதிக்கும் என்றார் இன்னொருவர். வேலைக்குப் பொருந்தாத கவசத்தை யாரும் மாட்டமாட்டார்கள், மாட்டச் சொல்வதும் நியாயமில்லை. பேசிப் பேசி, படகுக்கு நாலு காலிக் கேன் மூடி இறுக்கிக் கயிற்றில் கட்டி வைப்பது, முகத்துவாரம் பக்கம் போகும்போது மட்டும் சட்டை போடுவது என்று முடிவானது. நான் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் "மிதவைச் சட்டை கட்டாயம்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

உலக அளவில் மீன்பிடித் தொழிலில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று 2022-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதுவரை சொல்லிவந்த 24,000-ஐவிட நாலு மடங்கு. சிறு படகுக்காரர்களின் சாவு எந்தக் கணக்கிலும் ஏறாததால் இவ்வளவு வித்தியாசம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆவது உடன்படிக்கை மீன்பிடி வேலைக்கென்றே 2007-ல் நிறைவேறியது. ஆபத்தை மதிப்பிடும்போது மீனவர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ கூட இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 16. இரண்டு வாரம் கழித்து ஒக்கி புயல் குமரிக் கடலில் மீனவர்களை வாரிக்கொண்டு போனது. இந்தியா அந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லை. ஐஸ்லாந்து என்ற தீவு நாட்டில் 1985-ல் மீனவர்களுக்கென்று உயிர்காக்கும் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். 2008-ல் அந்த நாட்டு மீனவர் ஒருவர்கூடக் கடலில் சாகவில்லை. வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடலில் நடக்கக்கூடியது, இடுப்பளவு ஏரியில் ஏன் முடியாது?

மதியம் மடவை மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டுக் கரையில் நின்றபோது தம்பி கிழக்கே கையை நீட்டினார். ஏரிக்கு அக்கரை ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் இங்கிருந்தே தெரியும், சத்தத்தில் பாத்திரம் அதிரும் என்றார். ஏவும் நாளில் எந்தப் பக்கம் தொழிலுக்குப் போகக்கூடாது என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும்.

2019 ஜூலை 15 விடிகாலை அங்கிருந்துதான் சந்திரயான்-2 கிளம்ப வேண்டியது. 56 நிமிடம் 24 நொடி பாக்கி இருக்கும்போது கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். தொழில்நுட்பக் கோளாறு. குடியரசுத் தலைவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், நாடே விழித்துக் காத்திருக்கிறது. இருந்தும் நிறுத்தினார்கள். சரிசெய்து ஜூலை 22-ல் அனுப்பினார்கள். அந்த வளாகமும் பாடம் படிக்காமல் இந்த இடத்துக்கு வரவில்லை, 2004 பிப்ரவரி 23 அன்று திட எரிபொருள் விபத்தில் அங்கே ஆறு பேர் இறந்திருக்கிறார்கள். பட்டியலில் ஒரு வரி சரியில்லை என்றால் நிறுத்து என்று சொல்ல ஓர் ஆளுக்கு அதிகாரம் இருக்கிறதே, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. காற்று மாறுகிறது, இன்றைக்குப் போக வேண்டாம் என்று இந்தக் கரையில் பெரியவர் சொல்லலாம். போகாதவருக்கு அன்றைய கூலியை யார் தருவார்?

இந்தக் கேள்விக்கு ஏரிக்காரர்களிடம் ஒரு பழைய பதில் உண்டு. ஏரியின் தென்பகுதி ஊர்களில் பாடு என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இறால் வலை கட்டும் நல்ல இடங்களைக் குலுக்கல் போட்டு, முறை வைத்து, குடும்பங்களுக்குப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர் நாளைக்கு வேறு இடம் போவார். மீன் கிடைக்காமல் போகும் ஆபத்தை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றாமல் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து எழுதிப் போயிருக்கிறார்கள். முறை என்பதற்கும் படும் துன்பத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மக்களுக்கு ஆபத்துப் பதிவேட்டின் அடிப்படையை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. பாடு முறைக்குள் வராதவர்களும் ஏரியில் இருக்கிறார்கள். பறி கடிக்கும் பெண்களுக்கு அதில் இடமில்லை. மீனவர் சங்க அட்டையும் தன்னிடம் இல்லை என்றார் அந்த இருளர் பெண். விபத்தில் இறந்தால் மத்திய அரசின் குழு விபத்துக் காப்பீட்டில் மீனவர் குடும்பத்துக்கு 5 லட்சம் உண்டு, ஆனால் பெயர் பதிவாகியிருக்க வேண்டும்.

மாலை நாலு மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம். இருந்தது இரண்டு கட்டம். யார், எப்போது.

யார் என்று கேட்டால் எல்லோரும் "ஊர்" என்றார்கள். எனக்குப் பதினான்காவது வரிசை நினைவுக்கு வந்தது. "ஊர் என்று எழுதமாட்டேன். ஓர் ஆள் பெயர் வேண்டும்" என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டேன். திருக்கை முள், கெளுத்தி முள் இரண்டுக்கும் முதல் வைத்தியம் சூடான தண்ணீர். அந்த விஷம் சூட்டில் சிதையும். பொறுக்கும் அளவு சூட்டில், சுமார் 45 டிகிரி, குத்திய இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். சூடு சரியா என்று அடிபடாத கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், வலியில் துடிக்கிற கைக்குச் சூடு தெரியாது. முள் ஆழமாகவோ மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். கைக்காயம் என்றாலும் முதல் வைத்தியம் முடிந்ததும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், உள்ளே தங்கிய முள்துண்டுதான் பிறகு புண்ணாகிறது. நான் இதைச் சொல்லி முடிக்கவில்லை. அடுப்பில் கிடந்த பெரிய பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டிருந்த டீக்கடை அம்மா திரும்பினார். "காலையில நாலு மணிக்கு அடுப்பு மூட்டறேன், ராத்திரி எட்டு வரைக்கும் தண்ணி கொதிச்சிக்கிட்டுத்தான் இருக்குது. எம் பேரை எழுதுங்க சார்."

சித்தப்பா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு முள் குத்திய அன்றும் அந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, இருபது அடி தூரத்தில்.

அதன்பிறகு பெயர்கள் வந்தன. தாமினி பார்த்துக் கரையிலிருந்து கொடி காட்ட அந்த இளைஞர். காலிக் கேன்கள் கட்டியிருக்கிறதா என்று அமாவாசைக்கு அமாவாசை பார்க்கச் சித்தப்பா. கரையில் எறிந்த பாட்டில்களைப் பொறுக்க, வாரம் ஒருநாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒரு டீச்சர். அவர் அங்கே இல்லை, ஆள் அனுப்பிக் கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகே எழுதினேன். பெரியவர், கூடவே ஓர் ஆளை எழுதச் சொன்னார். சாக இருந்து தப்பித்த கதைகளைக் கேட்டு எழுதி வைக்க ஒருவர். அடிபட்டால் ஊருக்கே தெரியும், மயிரிழையில் தப்பினால் வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள் என்றார். ஆலையில் இந்த ஒரு பழக்கத்தைக் கொண்டுவர எனக்கு ஏழு வருஷம் ஆனது.

பதினெட்டு வரிசையில் பதின்மூன்றுக்குப் பெயரும் தேதியும் விழுந்தன. ஐந்து வரிசைகளில் அந்தக் கட்டங்கள் வெள்ளையாக நிற்கின்றன. பெண்களுக்குக் கரையில் கழிப்பறை. படகுத்துறையில் விளக்கு. எட்டும் தூரத்தில், எந்த நேரமும் திறந்திருக்கும் இடத்தில் பாம்புக்கடி மருந்து. இறால் தடவும் இருளர் பெண்களுக்கு மீனவர் என்ற பதிவும் காப்பீடும். மண் மூடும் முகத்துவாரம். இவற்றை ஊரில் யாரும் தன் பெயரில் ஏற்க முடியாது. ஏற்க வேண்டியவர்கள் ஊருக்கு வெளியே, மேஜை நாற்காலியோடு இருக்கிறார்கள்.

இருட்டும் நேரத்தில் எளாவூருக்குத் திரும்பினேன். நோட்டை நான் எடுத்து வரவில்லை. டீக்கடையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து அதைப் பிரித்துப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஐந்து கட்டங்களில் பெயர் எழுத அதிகாரம் உள்ள ஒருவர் இதைப் படித்தால், தயவுசெய்து ஒருமுறை போய்விட்டு வாருங்கள். பேனாவும் அங்கேயே கட்டி வைத்திருக்கிறது.